பிரேக் செய்ததாகச் சொன்னார்கள்: மலைநாட்டுக்கு ஜீப் கொண்டுபோகிறவர்கள் கவனம்

பள்ளிக்கூட லீவுக்குக் குடும்பத்தோடு நுவரெலியா போக இருக்கிற திருகோணமலை ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். கராஜின் பெயரைப் போடப்போவதில்லை. பிரேக்கைச் செய்யாமலே செய்ததாகக் காட்டிக் காசு வாங்குகிற இந்த வித்தை ஒரு கராஜுக்கு மட்டும் தெரிந்தது என்று நான் நம்பவில்லை, அதனால் பெயரைவிட வித்தை தெரிந்திருப்பதுதான் உங்களுக்கு உதவும்.

என்னிடம் இருப்பது பழைய மொன்டெரோ ஜீப். டீசல், ஓட்டோ கியர். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்தபோது விலையைக் கேட்டுவிட்டுப் பேசாமல் வீட்டுக்கு வந்தேன். இருக்கிறதைச் செய்து ஓடுகிற கூட்டத்தில் நானும் ஒருவன். எங்களைப் போன்றவர்களை வைத்துத்தான் கராஜ்கள் ஓடுகின்றன.

பயணத்துக்கு நாலு நாள் முன்னம் ஜீப்பை விட்டேன். "மலைக்குப் போறம் தம்பி, ஏழு பேர். பிரேக்கை முழுசாப் பாருங்கோ" என்றேன். அடுத்த நாள் பின்னேரம் எடுக்கப் போனபோது முதலாளித் தம்பி, "நாலு வீலுக்கும் பேட் புதுசு, பிரேக் ஓயில் முழுக்க மாத்தியாச்சு. கண்ணை மூடிக்கொண்டு போகலாம் அண்ணை" என்றார். நுவரெலியா வீதியில் கண்ணை மூடிக்கொண்டு போகச் சொன்ன ஒரே ஆள் அவர்தான். 46,500 ரூபா. கொப்பியில் கிழித்த ஒரு துண்டில் 'ஜீப், பிரேக் வேலை' என்று எழுதித் தந்தார். கராஜின் பெயருமில்லை, திகதியுமில்லை. அதை வாங்கி மடித்து வைத்தது என் பிழை.

நானும் சும்மா எடுத்துவரவில்லை. பொனட்டைத் திறந்து பிரேக் ஓயில் டாங்கியைப் பார்த்தேன். தேன் நிறத்தில் சுத்தமாக இருந்தது. சில்லு ஓட்டைகளுக்குள்ளால் எட்டிப் பார்த்தேன், பேட்டின் (சில்லோடு சுற்றுகிற டிஸ்க் தட்டைப் பிடித்து நிறுத்துகிற கட்டை) விளிம்பு கறுப்பாக மினுங்கியது. உவர்மலை ஏறி இறங்கினேன், கோட்டைக்குள்ளால் கோணேசர் கோயில் வரைக்கும் போய் வந்தேன். மிதித்த இடத்தில் நின்றது. ஊரின் பெயரில்தான் மலை இருக்கிறதே தவிர, எங்கள் ஏற்றங்கள் எல்லாம் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். அதைக் கொண்டு பிரேக்கைப் பரிசோதிக்க முடியாது என்பது அப்போது உறைக்கவில்லை.

போகும்போது ஒரு கரைச்சலும் இல்லை. விடிய நாலு மணிக்கு வெளிக்கிட்டு, கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை, கண்டி. மத்தியானம் இறம்பொடை ஆஞ்சநேயர் கோயிலில் கும்பிட்டு, பின்னேரம் நுவரெலியா. ஏறும்போது பிரேக்குக்கு வேலையே இல்லை, எஞ்சின்தான் பாடுபடும்.

மூன்றாம் நாள் காலை இறங்கினோம். நுவரெலியா 1868 மீட்டர், கம்பளை ஏறத்தாழ 500 மீட்டர். அந்த உயரத்தை வளைந்து வளைந்து இறங்கவேண்டும். ஏழு பேர், பைகள், வழியில் வாங்கிய கரட், லீக்ஸ் இரண்டு மூட்டை. நான் தாழ்ந்த கியருக்கு மாற்றாமல் டிரைவிலேயே விட்டு, ஒவ்வொரு வளைவுக்கும் பிரேக்கை அமத்தி அமத்தி வந்தேன். இது கராஜ்காரர் செய்த பிழையல்ல, என்னுடையது.

லபுக்கலை தாண்டியதும் பின்னாலிருந்து மாமா, "தம்பி, என்னவோ எரியிற மணம் வருது" என்றார். முன்னால் போன லொறி என்று சொன்னேன். இன்னும் இரண்டு வளைவு. அடுத்ததில் காலை வைத்தேன். மிதி பஞ்சு மாதிரி உள்ளே போனது. திரும்ப மிதித்தேன், தளத்தைத் தொட்டது. இடப்பக்கம் தேயிலை, அதற்குக் கீழே பள்ளம். மிதியைப் பம்ப் பண்ணியபடி கியரை 'எல்' என்ற ஆகத் தாழ்ந்த கியருக்கு இழுத்தேன். எஞ்சின் அலறியது, வேகம் கொஞ்சம் செத்தது. ஹாண்ட் பிரேக்கைச் சிறிது சிறிதாகத் தூக்கி, ஒரு தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் அகன்ற இடத்தில் மதிலோடு உரசி நிறுத்தினேன். 2025 மே 11ஆம் திகதி கெரண்டி எல்ல என்ற இடத்தில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கு மேற்பட்டவர்கள் செத்ததும் இதே வீதியில்தான். இறங்கியதும் மனைவிக்கு அதுதான் ஞாபகம் வந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடைக்குள்ளே போய்விட்டார்.

முன் சில்லுகளில் புகை. மச்சான் தண்ணிப் போத்தலோடு ஓடினான். கடைக்காரர், "ஊத்தாதீங்க தம்பி, டிஸ்க் வெடிச்சிரும்" என்று கத்தி நிறுத்தினார். அவரே தெரிந்த மெக்கானிக் ஒருவருக்குப் போன் எடுத்தார். அரை மணித்தியாலத்தில் மோட்டார் சைக்கிளில் வந்தார்.

அவர் வந்த நேரம் மிதி பழையபடி கல்லு மாதிரி இருந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவர் சிரித்தார். "சூடு ஆறிட்டா அப்படித்தான் சார் வரும். ஓயில் கொதிச்சிருக்கு."

பிரேக் ஓயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 என்ற தர வகைப் புதிய ஓயில் 205 பாகை செல்சியசுக்கு மேல்தான் கொதிக்கவேண்டும்; 3.7 வீதம் தண்ணீர் சேர்ந்தால் அந்த எல்லை 140க்கு இறங்கிவிடும். டொட் 4 என்றால் 230, ஈரம் ஏறினால் 155. கடற்காற்றில் நிற்கிற எங்கள் வாகனங்களில் இரண்டு வருடத்துக்கொருமுறை மாற்றச் சொல்வது இதற்குத்தான். இறக்கத்தில் விடாமல் மிதித்தால் டிஸ்க்கின் சூடு, பேட்டை அமத்துகிற கலிப்பருக்கு ஏறி, ஓயில் கொதித்து ஆவிக்குமிழ் விடும். ஓயில் அமுங்காது, ஆவி அமுங்கும். அதனால் மிதி தளத்துக்குப் போகிறது.

"மாத்தின ஓயில் எப்படிக் கொதிக்கும்?" என்று கேட்டேன். அவர் முன் சில்லைக் கழற்றி, கலிப்பரின் பின்பக்கத்துக்கு டோர்ச் அடித்தார். ஓயிலையும் காற்றையும் வெளியே விடுகிற நிப்பிள் அங்கேதான் இருக்கும். அதன் சிறிய ரப்பர் மூடி புழுதியோடு சேர்ந்து இறுகிக் கிடந்தது. நிப்பிளைச் சுற்றித் துரு, ஸ்பனர் பட்ட ஒரு கீறல்கூட இல்லை. கஷ்டப்பட்டுத் திறந்து ஒரு ஜாம் போத்தலுக்குள் வடித்தார். ஊறிப்போன பிளேன்டீ நிறத்தில் வந்தது. மேலே டாங்கியில் தேன், கீழே இது. டாங்கியில் இருந்ததை மட்டும் ஊசியால் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்றியிருக்கிறார்கள்.

பிறகு பேட். ஸ்குரூ டிரைவரால் விளிம்பைச் சுரண்டினார். கறுப்புப் பெயின்ட் சீவலாக உதிர்ந்தது. பழைய பேட்டின் முகத்தை அரத்தாளால் தேய்த்து, ஓரத்துக்கு ஸ்பிரே அடித்திருக்கிறார்கள். உள்பக்கத்துப் பேட்டில் மூன்று மில்லிமீட்டர்கூட மிச்சமில்லை. நாலு வீலிலும் இதே கதை.

அவருடைய மகன் பஸ்ஸில் கம்பளைக்குப் போய்ப் பேட் வாங்கி வந்தான். டொட் 4 ஒரு லீற்றர் விட்டு, கடைசிச் சொட்டுத் தெளிவாக வரும்வரைக்கும் வடித்தார். கூலியோடு 31,000. கழற்றிய பேட் எல்லாவற்றையும் கேட்காமலே பையில் போட்டுத் தந்தார். கியரை இரண்டிலும் 'எல்'லிலும் போட்டு எப்படி இறக்குவது என்று பக்கத்தில் இருந்து ஒரு கிலோமீட்டர் காட்டிவிட்டுத்தான் இறங்கினார்.

ஊருக்கு வந்து கராஜுக்குப் பையோடு போனேன். முதலாளித் தம்பி பையைத் திறக்கவே இல்லை. "இது நாங்க போட்ட பேட் இல்லை அண்ணை, அங்க மாத்தியிருப்பாங்கள்" என்றார். பிறகு, "ஊருக்குள்ள ஓடிப் பாத்துத்தானே எடுத்தனீங்கள்?" என்றார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அவருக்கு அது நன்றாகத் தெரியும். சமதரையில் ஓடுகிறவரைக்கும் இந்தக் களவு பிடிபடாது. பிடிபடுகிற இடம் 250 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. கடைசியில் 10,000 ரூபா நீட்டினார். வாங்கவில்லை.

பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு எழுதியிருக்கிறேன். தொலைபேசி இலக்கம் 1977. முறைப்பாட்டை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்கவேண்டும். பெயர், திகதி, செய்த வேலை எல்லாம் போட்ட பில் கையில் இருந்தால் பேச்சு சுருக்கமாக முடியும். என்னிடம் இருந்தது கொப்பித் துண்டு.

நீங்கள் போகமுன் செய்யவேண்டியதில் பெரிய சங்கதி ஒன்றுமில்லை. ஓயில் மாற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள். நாலு நிப்பிளும் திறபடவேண்டும், பழைய ஓயில் போத்தலில் உங்கள் கண்முன்னே விழவேண்டும். டாங்கியைப் பார்த்து ஏமாறாதீர்கள். பழைய பேட்டையும் புதிய பேட்டின் பெட்டியையும் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் சாவியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

பெயின்ட் அடித்த பேட்டுகள் இன்னும் என்னிடம்தான் இருக்கின்றன. பார்க்க விருப்பமானவர்கள் உவர்மலைப் பக்கம் வந்தால் காட்டுகிறேன். சுரண்டாத ஒன்றைத் தனியாக வைத்திருக்கிறேன்; புதியதா பழையதா என்று நீங்களே சொல்லிப் பாருங்கள்.