ரிச்சி தெருவில் விற்கும் திருட்டுத் தடுப்புச் சாமான்கள்: 300 சதுர அடிக் கடைக்கு எது தேறும்?

சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவிலோ அதை ஒட்டிய நரசிங்கபுரம் தெருவிலோ போய் "கடைக்கு ஒரு செட் போடணும்" என்று சொல்லிப் பாருங்கள். நாலு கேமரா, ஒரு டிவிஆர் (படத்தைப் பதியும் பெட்டி), ஒரு டிஸ்க், ஒரு பண்டல் கேபிள் என்று ஒரே மூச்சில் எஸ்டிமேட் வந்துவிடும். என்ன கடை, கல்லா எந்தப் பக்கம், வாசல் மேற்குப் பார்த்ததா என்று கேட்பவர் அபூர்வம். ஒரு முதலாளி, ஒரு பையன் என்று ஓடும் மளிகை, பேன்சி, ரெடிமேட் கடைகளை மனதில் வைத்து இந்தச் சாமான்களை எடைபோட்டிருக்கிறோம். கேமரா செட், குவி ஆடி, வாசலில் நிற்கும் அலாரம் கேட், யுபிஐ சவுண்ட் பாக்ஸ் என நாலும் இங்கே உண்டு. இவற்றில் ஒன்று பெரும்பாலான கடைகளுக்குத் தண்டச் செலவு.

முதலில் கணக்கு. 450 ரூபாய்க்கு வாங்கி 500க்கு விற்கும் ஃபேஸ் கிரீம் ஒன்று காணாமல் போனால், அதை ஈடுகட்டவே இன்னும் ஒன்பது விற்க வேண்டும். அதனால் திருடனைப் பிடித்துத் தரும் சாமானைவிட, சரக்கைக் கையில் எடுக்கவே யோசிக்க வைக்கும் சாமான்தான் சின்னக் கடைக்கு லாபம். அதில் பாதி வேலைக்குக் காசே வேண்டாம். ஷேவிங் பிளேடு, நெய், முந்திரிப் பாக்கெட், குழந்தை உணவு டின், சென்ட், மெமரி கார்டு எல்லாம் கையடக்கம், விலை ஜாஸ்தி, வெளியே உடனே விற்றுவிடலாம். இவை கல்லாவுக்குப் பின்னால் போகட்டும். நடு ரேக் நாலரை அடிக்கு மேல் உயர வேண்டாம். முன்வரிசையில் மூன்று மூன்றாக மட்டும் அடுக்கினால், ஒன்று போனால் பல் விழுந்த மாதிரி இடைவெளி தெரியும். உள்ளே வருபவரை நிமிர்ந்து பார்த்து "வாங்கக்கா, என்ன பாக்குறீங்க?" என்று கேட்கும் பையன் இருந்தால், அவனுக்கு நிகரான கருவி ரிச்சி தெருவில் கிடைக்காது.

கேமரா செட்

நாலு கேமராவுக்கு 2 மெகாபிக்சல் அனலாக் எச்டி செட் தாராளம். ஐபி (நெட்வொர்க்) கேமராவில் படம் நன்றாக வரும், ஆனால் கேபிள் வழியே கரண்ட் தரும் பிஓஇ சுவிட்சும் கேட்6 நெட்வொர்க் கேபிளும் கூடவே வரும். பழுதானால் தெருமுனை எலக்ட்ரீஷியன் கை வைக்க மாட்டார்.

தப்பு பெரும்பாலும் கேமராவில் இல்லை, லென்ஸில்தான். டெக்னீஷியன் கொண்டுவருவது அநேகமாக 2.8 மிமீ லென்ஸ். கடை முழுக்கத் தெரியும், முதலாளிக்கும் திருப்தி. ஆனால் ஒரு முகத்தைச் சந்தேகமில்லாமல் அடையாளம் சொல்ல, படத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்சல் வேண்டும் என்பது இந்தத் துறையின் அளவுகோல். 2 மெகாபிக்சல் படத்தின் அகலம் 1920 பிக்சல். 2.8 மிமீ லென்ஸில் இந்த 250 கிடைப்பது சுமார் 3 மீட்டர் தூரம் வரைதான். அதற்கப்பால் "நீலச் சட்டை போட்ட ஒருத்தர்" என்று மட்டும் சொல்லலாம். 6 மிமீ லென்ஸில் அதே கேமரா 8 மீட்டர் வரை முகம் காட்டும்.

ஆகவே வாசல் கேமராவுக்கு மட்டும் 6 மிமீ கேட்டு வாங்குங்கள். சென்னைக் கடைகளில் பெரும்பாலும் கதவு கிடையாது, முழு ஷட்டர் திறப்புதான். 10 அடி வாசலுக்கு, உள்ளே 11 அடி தள்ளி 6 மிமீ வைத்தால் வாசலின் அகலம் மட்டும் படத்தில் கச்சிதமாக நிறையும். உயரம் ஏழு, ஏழரை அடி போதும். உச்சியில் மாட்டினால் கிடைப்பது வகிடும் தொப்பியும்தான்.

வாசல் மேற்குப் பார்த்திருந்தால் சாயங்காலம் நாலு மணிக்கு உள்ளே வருபவர் எல்லாரும் கரிய நிழலாகத் தெரிவார்கள். பெட்டியில் "ட்ரூ டபிள்யூடிஆர் 120 டிபி" (dB) என்று போட்டிருக்கிறதா பாருங்கள், எதிர்வெயிலிலும் முகம் தெரிய வைக்கும் வசதி அது. "டிஜிட்டல் டபிள்யூடிஆர்" என்றால் படத்தை மென்பொருளில் வெளுக்க வைக்கும் வித்தை, வெயிலுக்கு நிற்காது. பணம் போதாவிட்டால் கேமராவை வாசலுக்கு நேரெதிரே வைக்காமல் பக்கவாட்டில் சாய்த்து வைக்கலாம், பாதிப் பிரச்சினை தீரும். கல்லாவுக்கு ஒன்று, மைக் உள்ளதாக, நேர் மேலே: கொடுத்தது 500 நோட்டா 200 நோட்டா என்ற சண்டை அங்கேயே தீரும். கண்ணாடி ஷோகேஸைப் பார்த்தபடி மாட்டினால் இரவில் கேமராவின் சொந்த ஐஆர் (அகச்சிவப்பு) விளக்கே பிரதிபலித்து வெள்ளை வட்டமாகிவிடும்.

டிஸ்க் விஷயத்தில்தான் கடைக்காரர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். எச்.265 என்ற வீடியோ சுருக்க முறையில் ஒரு கேமரா நொடிக்கு 2 மெகாபிட் பதிந்தால் நாளுக்கு ஏறக்குறைய 21.6 ஜிபி. நாலு கேமராவுக்கு 86 ஜிபி. 1 டெராபைட் டிஸ்க் 11 நாளில் நிரம்பி, பழைய பதிவின் மேலேயே எழுத ஆரம்பித்துவிடும். நம் கடைகளில் ஸ்டாக் எண்ணுவதோ மாசக் கடைசியில்! முந்திரியில் ஏழு பாக்கெட் குறைகிறது என்று தெரியும்போது அந்தப் பதிவு அழிந்து இருபது நாள் ஆகியிருக்கும். ரெண்டு வழி உண்டு. 2 டெராபைட் போட்டு, கேமராவுக்கு 1 மெகாபிட், நொடிக்கு 15 ஃபிரேம் என்று இறக்கினால் 40 நாளுக்கு மேல் நிற்கும். அல்லது விலை கூடிய இருபது அயிட்டத்தை மட்டும் வாராவாரம் எண்ணுங்கள். ரெண்டும் செய்தால் ரொம்ப நல்லது. பழைய கம்ப்யூட்டர் டிஸ்க்கைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். இருபத்துநாலு மணி நேரமும் எழுதத் தாங்குவது டபிள்யூடி பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் மாதிரி கண்காணிப்புக்கென்றே வரும் ரகம். டிஸ்க் செத்தால் டிவிஆர் பீப் அடிக்கும், தொல்லை என்று அந்தச் சத்தத்தை அணைத்துவிடுவார்கள். அப்புறம் கேமரா நேரலையில் அழகாக ஓடும், பதிவு மட்டும் இருக்காது. திங்கட்கிழமை தோறும் முந்தின நாள் இரவு ஏழு மணிப் பதிவை ஓட்டிப் பார்ப்பது ஒரு நிமிட வேலை.

கேபிளிலும் ஒரு சூது. செம்பு என்று சொல்லி, செம்பு பூசிய அலுமினியத்தைக் கொடுப்பார்கள். உள்கம்பியை பிளேடால் லேசாகச் சுரண்டுங்கள். வெள்ளையாகத் தெரிந்தால் வேண்டாம். பெசன்ட் நகர், திருவொற்றியூர் மாதிரி கடல் காற்று அடிக்கும் இடத்தில் கேபிளை மாட்டும் பிஎன்சி முனைகள் சீக்கிரம் பச்சை பூத்துவிடும். ஒவ்வொரு கேமராவுக்குப் பின்னும் ஒரு பிவிசி பெட்டி போடச் சொல்லுங்கள். டிவிஆரை கல்லாவுக்கு அடியில் வைத்தால் பூட்டை உடைத்து வருபவன் அதையும் தூக்கிப் போவான். பரணில் வைக்கலாம், ஆனால் மே மாதச் சூட்டில் காற்றோட்டமில்லாத பெட்டிக்குள் டிஸ்க் வெந்துவிடும். ஜாலி வைத்த இரும்புப் பெட்டியே சரி. ஒரு சின்ன யுபிஎஸ்ஸும், கம்பெனி போட்டுத் தந்த பாஸ்வேர்டை மாற்றுவதும் கட்டாயம். தீர்ப்பு: லென்ஸையும் இடத்தையும் நீங்களே சொல்லி மாட்டினால் தகும். "நீங்களே பாத்துப் போடுங்க" என்றால் வீண்.

குவி ஆடி

கொடுத்த காசுக்கு இதுதான் முதலிடம். 60 செமீ அகல அக்ரிலிக் ஆடி ஒன்றை, கல்லாவில் உட்கார்ந்தால் கண்ணில் படுகிற மாதிரி பின்மூலையில் மாட்டினால் போதும். வயரில்லை, கரண்டில்லை. தான் தெரிகிறோம் என்று உள்ளே நிற்பவருக்கும் தெரிவதுதான் இதன் பலம். கல்லாவின் நாற்காலியில் ஒருவரை உட்கார வைத்துவிட்டு ஆடியைத் திருப்பிச் சரிசெய்யுங்கள். நின்றுகொண்டு சரிபார்த்தால் உட்காரும்போது ட்யூப்லைட்தான் தெரியும். ஊதுபத்திப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்தால் மெல்லிய துணியால் துடைக்கவும். கீறல் விழுந்த ஆடி வெறும் அலங்காரம்.

அலாரம் கேட்

டேக்கோ லேபிளோ கழற்றாத பொருள் வாசலைத் தாண்டினால் கூவும் தூண்கள் இவை. தி.நகரில் பெரிய துணிக்கடை வாசலில் நிற்பதைப் பார்த்து ஆசைப்படுபவர் உண்டு. ரெண்டு ரகம் வருகிறது. ஆர்எஃப் என்பது 8.2 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்வது, விலை குறைவு, தூண்களுக்கு இடையே சுமார் ஒரு மீட்டர் இடைவெளிதான் தாங்கும். ஏஎம் என்பது 58 கிலோஹெர்ட்ஸ், இடைவெளி அதிகம் தாங்கும், விலையும் அதிகம்.

மளிகைக் கடைக்கு ஆர்எஃப் கேட் அடியோடு வேண்டாம். ஃபாயில் பாக்கெட், டின், எண்ணெய் பாட்டில் மேல் ஒட்டிய லேபிள் வேலை செய்யாது, உலோகமும் திரவமும் அதன் சிக்னலை விழுங்கிவிடும். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு மாதிரி இடத்தில் ரெடிமேட் கடை என்றால் யோசிக்கலாம். அங்கேயும் முதல் எதிரி நம் இரும்பு ஷட்டர்தான். அதன் சட்டத்தை ஒட்டித் தூணை நட்டால் பிடிக்கும் தூரம் குறையும், இல்லையென்றால் சும்மாவே கூவும். மலிவான எல்இடி விளக்கின் மின்பெட்டியும் இதே தொல்லையைத் தரும். பணம் கொடுக்கும் முன் கடையிலேயே டெமோ கேளுங்கள்: ஷட்டர் பாதி இறங்கிய நிலையில், எல்லா விளக்கும் எரிய, டேக்கை இடுப்பு உயரத்திலும் கணுக்கால் உயரத்திலும் கொண்டுபோய்ப் பாருங்கள்.

டேக் போடும் வேலையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஒவ்வொரு துணிக்கும் குத்த வேண்டும், பில் போடும்போது எடுக்க வேண்டும். எப்போதும் ஒரே இடத்தில், பக்கத் தையல் ஓரத்தில் குத்துங்கள். ஆளுக்கொரு இடத்தில் குத்தினால் தீபாவளிக் கூட்டத்தில் ஒன்றை எடுக்க மறப்பார்கள், காசு கொடுத்து வாங்கியவர் வாசலில் நாலு பேர் முன்னால் நிற்க வேண்டியிருக்கும். அந்தக் குடும்பம் மறுபடி வராது. பட்டுச் சேலையில் ஊசி போட்டால் இழை இழுத்துக்கொள்ளும், அதற்கு கவுண்டருக்குப் பின்னால் அலமாரிதான் சரி. டேக்கைக் கழற்றும் காந்தத்தை மேசையோடு போல்ட் போட்டு முடுக்கிவிடுங்கள். ஒரே வாசல், ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட துணிகள், ரெண்டு பேருக்கு மேல் வேலையாள் – இந்த மூன்றும் இருந்தால் வாங்கலாம். இல்லையென்றால் அந்தப் பணத்தில் இன்னொரு பையனுக்குச் சில மாதச் சம்பளம் கொடுக்கலாம்.

துணிக்கடைக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ட்ரையல் ரூமில் கேமரா, கண்காணிக்கும் குவி ஆடி எதுவும் கூடாது. பாரதிய நியாய சன்ஹிதா (இப்போதைய தண்டனைச் சட்டம்) 77ஆம் பிரிவில் முதல் தடவைக்கே குறைந்தது ஓராண்டுச் சிறை.

சவுண்ட் பாக்ஸ்

இப்போதெல்லாம் சரக்கைச் சட்டைக்குள் போடுபவரைவிட, பச்சை டிக் காட்டிவிட்டு நடக்கிறவர் சாமர்த்தியசாலி. போலி செயலி பணம் போன மாதிரியே திரை காட்டும், சத்தமும் போடும். அதனால் சத்தம் போனிலிருந்து வந்ததா, உங்கள் பெட்டியிலிருந்து வந்ததா என்று கவனியுங்கள். நெட் மந்தமாக இருந்து பெட்டி பேசாவிட்டால் உங்கள் வணிகச் செயலியைத் திறந்து பார்த்துவிட்டுச் சரக்கைக் கொடுங்கள். ஸ்கிரீன்ஷாட் கணக்கில் சேராது. காலையில் கடை திறந்ததும் உங்கள் க்யூஆரை நீங்களே ஸ்கேன் செய்து, வரும் பெயர் சரிதானா பாருங்கள். மேலே வேறு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போவது பழைய தந்திரம். அட்டையை கவுண்டர் கண்ணாடிக்கு அடியில் வைத்தால் ஒட்ட முடியாது. மாத வாடகைக்குத் தகும்.

கையும் களவுமாக மாட்டினால்

சாமான்கள் எல்லாம் இருந்தும் கடைக்காரர் மாட்டிக்கொள்வது இங்கேதான். பொருளைப் பையில் போட்டதும் பாயாதீர்கள், பில் போடத்தான் வைத்தேன் என்பார். கல்லா அருகே வரும்போது "அக்கா, அந்த கிரீமையும் சேர்த்து பில் போட்டுடட்டுமா?" என்று சாதாரணமாகக் கேளுங்கள். பெரும்பாலும் பொருள் மேசைக்கு வந்துவிடும், விஷயம் அதோடு முடியும்.

பையைப் பிடுங்கிச் சோதிக்காதீர்கள். ஷட்டரை இறக்கி உட்கார வைத்தால் சட்டவிரோதமாக அடைத்து வைத்த குற்றம், அதே நியாய சன்ஹிதாவின் பிரிவு 127. "திருடினால் பத்து மடங்கு அபராதம்" என்று போர்டு வைத்து மிரட்டி வசூலித்தால் 308, அதாவது மிரட்டிப் பறித்தல். போட்டோவை வியாபாரிகள் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் 356ன் கீழ் அவதூறு வழக்கு வரலாம். பொதுஜனம் ஒருவரைப் பிடித்து வைக்கும் உரிமை நாகரிக சுரக்ஷா சன்ஹிதா (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 40ஆம் பிரிவில் இருக்கிறது, ஆறு மணி நேரத்துக்குள் போலீசில் ஒப்படைக்க வேண்டும். ஆனால் அது கண் முன்னால் நடந்த, ஜாமீன் இல்லாத, போலீஸ் நேரடியாகக் கைது செய்யக்கூடிய குற்றத்துக்குத்தான். நியாய சன்ஹிதா 303(2)ல் 5,000 ரூபாய்க்குக் குறைந்த திருட்டு அந்த வகையில் வராது; முதல் தடவை குற்றம் உறுதியாகி, பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்தால் தண்டனை சமூக சேவைதான். கட்டடத்துக்குள் நடந்த திருட்டு என்று 305 போடுவதா என்பதைப் போலீஸ் முடிவு செய்யட்டும். தகராறு வந்தால் 100 அல்லது 112. 18 வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால் பெற்றோரைக் கூப்பிடுவதே நல்லது.

புகார் கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். அன்றைக்கே பதிவை பென்டிரைவில் எடுங்கள், டிவிஆரின் சொந்த வடிவத்தில் ஒன்று, எம்பி4ல் ஒன்று. டிவிஆர் திரையின் கடிகாரத்தையும் உங்கள் போன் கடிகாரத்தையும் சேர்த்து ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். பத்து நிமிட வித்தியாசத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் விளையாடுவார். கோர்ட்டுக்குப் போனால் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 63(4)ன்படி சான்றிதழ் வேண்டும், அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பும் (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் குறியீடு) இருக்க வேண்டும். அந்த டிஸ்க்கை அதுவரை ஃபார்மட் செய்யக் கூடாது.

வாங்கப் போகிறவர்களுக்கு: ரிச்சி தெருவில் ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், வார நாளில் முற்பகலே வசதி. வாசல், கல்லா, பின்மூலை மூன்றையும் போனில் படம் எடுத்து, அடிக்கணக்கில் அளவும் எழுதிக்கொண்டு போங்கள். பில் ஜிஎஸ்டியோடு, கேமரா, டிவிஆர், டிஸ்க் மூன்றின் சீரியல் எண்ணும் போட்டு வாங்குங்கள். மாட்டும் கூலி தனியா, கேபிள் மீட்டர் கணக்கா என்பதை முன்பணம் கொடுக்கும் முன்பே பேசி எழுதி வாங்கிவிடுங்கள்.