மரச்செப்புப் பெட்டியும் பாவனையின் கணினி மாதிரியும்

கும்பகோணம் கடைத்தெருவில் என் மகளுக்காக வாங்கிய மரச்செப்புப் பெட்டியை, பேசும் செயலிகளுக்குப் பழகிவிட்ட வீடுகளுக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன். அடுப்பு, குடம், அம்மி, கிண்ணங்கள் அனைத்தும் கடைசலில் உருட்டி, விளிம்பு உறுத்தாதபடி வழவழப்பாக்கப்பட்டுள்ளன. அம்மிக் குழவி மட்டும் கைக்குழந்தை விழுங்கிவிடும் அளவுக்குச் சிறியது என்பதால், அதைத் தனியே எடுத்து வைத்துவிட வேண்டும்.

இவற்றில் எதுவும் தானாகப் பேசாது என்பதே பெருஞ்சிறப்பு. பாவனை விளையாட்டின்போது மனம் இயங்கும் விதத்தைக் கணினி மாதிரிபோல் உறுப்பு உறுப்பாகப் பிரித்து விளக்க முனைந்த உளவியலாளர் ஆலன் லெஸ்லி, வாழைப்பழத்தைத் தொலைபேசியாகப் பாவிக்கும் குழந்தை அந்தப் பாவனையை உண்மை அறிவோடு கலந்துவிடாமல் விலக்கி வைத்துக்கொள்கிறது என்று 1987இல் எழுதினார். தத்துவ அறிஞர்கள் நிக்கோல்ஸ், ஸ்டிச் இருவரும் 2000இல் முன்வைத்த மாதிரியில் இதற்கென்றே மனத்துக்குள் ஒரு தனிப் பெட்டகம் உண்டு. இரு வெறுங்கிண்ணங்களில் காவிரித் தண்ணீர் ஊற்றிய என் மகள், ஒன்று கவிழ்ந்ததும் தரையைத் துடைத்துவிட்டு, "இதுல தண்ணி இல்லப்பா, அதக் குடிங்க" என்றாள். இரண்டுமே உலர்ந்துதான் இருந்தன! கவிழ்ந்தால் கொட்டும் என்ற நிஜ விதி பாவனைக்குள்ளும் செல்லுபடியாகும் என்பதை வெறுங்கிண்ணங்களில் தேநீர் ஊற்றுவதாகப் பாவித்து ஒன்றைக் கவிழ்த்துக் காட்டும் லெஸ்லியின் கிண்ணச் சோதனையும் காட்டியது. தண்ணீர் ஓசையையும் தானே எழுப்பிவிடும் செயலியில் குழந்தைக்கு இந்த வேலையே மிஞ்சுவதில்லை.

ஐப்பசி மழை ஈரத்தில் மூடிகள் சற்று இறுகுகின்றன. நிழலில் உலர்த்தினால் சரியாகிவிடுகிறது.