தின்ன ஒரு ரகம், நட ஒரு ரகம்: கடலூர், புதுவை வீடுகளுக்கு எந்த மா?

தட்டில் நறுக்கி வைத்துத் தின்று பார்த்தால் முதலிடம் பிடிக்கிற பழம் ஒன்று. கொல்லையில் நட்டால் வருடா வருடம் காய்க்கிற மரம் வேறொன்று. கன்று வாங்கப் போகிறவர்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான், பத்து வருடமாக நிழல் மட்டும் தரும் மல்கோவா மரங்களை நம் பக்கத்தில் பார்க்க முடிகிறது. எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: வாங்கித் தின்ன இமாம்பசந்த், நட்டு வளர்க்க நீலம் அல்லது மல்லிகா. பங்கனப்பள்ளி இடம் தாராளமாக இருப்பவர்களுக்கு.

சேலத்துக்கும் கிருஷ்ணகிரிக்கும் எழுதிய மாம்பழப் பாடம் கடலூருக்கு அப்படியே ஒத்துவராது. மா பூக்க வேண்டுமென்றால் கிளை முற்றியிருக்க வேண்டும், வேரடி காய வேண்டும், இரவு கொஞ்சம் குளிர வேண்டும். நமக்கோ வடகிழக்குப் பருவமழை டிசம்பர் நடுப்பகுதி வரை கொட்டுகிறது. மண் காய்ந்து முடிப்பதற்குள் தை பிறந்துவிடும். மழை ஜனவரிக்கும் இழுத்தால் பூவுக்குப் பதில் துளிர் வரும். தப்பி வந்த பூங்கொத்தையும் பனியில் சாம்பல் நோய் பிடிக்கும். அடுத்தது காற்று. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது முந்திரியும் பலாவும் மாவும் வேரோடு சாய்ந்தன. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரை கடந்து, மழையையும் வெள்ளத்தையும் கொட்டிவிட்டுப் போனது. உயர்ந்து வளரும் ரகத்தை வீட்டு மதிலை ஒட்டி நடுவதற்கு முன் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். மூன்றாவது உப்பு: கடலோரத் தெருக்களில் போர் தண்ணீர் உவர்த்துக் கிடக்கிறது. மா உப்பைத் தாங்காது, முதிர்ந்த இலையின் நுனியும் ஓரமும் முதலில் கருகும். அந்த இடங்களில் பொட்டாஷ் உரம் வைப்பதானால் மியூரேட் ஆஃப் பொட்டாஷ் வேண்டாம், அதில் இருப்பது உப்பிலுள்ள அதே குளோரைடு. சல்பேட் ஆஃப் பொட்டாஷ் விலை கூடுதல்தான், ஆனாலும் அதையே வாங்குங்கள்.

நாக்கு சொல்வது

ரகங்களை ஒப்பிட்டுத் தின்பதற்கும் ஒரு முறை உண்டு. ஃபிரிஜ்ஜில் வைத்த பழத்தை அப்படியே வெட்டினால் வாசனை எழாது, எல்லாமே ஒரே இனிப்பாகத் தெரியும். வெளியே எடுத்து ஒரு மணி நேரம் வைத்து, கதுப்பிலிருந்து துண்டு போடுங்கள். கொட்டையை ஒட்டிய சதையைத் தனியாகச் சப்பிப் பாருங்கள், நார் எவ்வளவு என்பது அங்கேதான் தெரியும். அழுத்தம் குறைந்ததில் தொடங்கி மேலே போக வேண்டும்: கிளிமூக்கு, பங்கனப்பள்ளி, செந்தூரா, நீலம், மல்லிகா, மல்கோவா, கடைசியில் இமாம்பசந்த். இமாம்பசந்தை முதலில் தின்றுவிட்டால் பின்னால் வரும் பங்கனப்பள்ளி சர்க்கரைத் தண்ணீர் மாதிரி இருக்கும். அது பங்கனப்பள்ளிக்குச் செய்யும் அநியாயம்.

பங்கனப்பள்ளிக்கு நாரில்லாத கெட்டிச் சதை, சீரான மஞ்சள் தோல், சின்னக் கொட்டை. புளிப்பு ஏறக்குறைய இல்லை, அதுவே அதன் குறையும்கூட: இனிப்புக்கு எதிராக நிற்க ஒன்றுமில்லை. சந்தைக்கு வருவது முற்றுவதற்கு முன்னே பறித்தது என்பதால் பலருக்கு இந்தப் பழத்தின் உண்மையான வாசனையே தெரியாது. மரத்தில் முற்றவிட்டு வைக்கோலில் பழுத்த பங்கனப்பள்ளியைத் தின்றவர்கள் கடைப் பழத்தை அதே ரகம் என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

இமாம்பசந்த் பழுத்தாலும் பச்சை முழுதாகப் போகாது. நிறத்தைப் பார்த்துக் காத்திருந்தால் அழுகிவிடும்; காம்பருகே முகர்ந்து பார்த்து, தோள்பட்டையை, அதாவது காம்பை ஒட்டிய மேற்பகுதியை, லேசாக அழுத்திப் பார்த்துத்தான் வெட்ட வேண்டும். மெல்லிய தோல், வெண்ணெய்போல் கரையும் சதை, இனிப்போடு வரும் ஒரு துளி புளிப்பு. இதற்கு நிகராக ருசியில் வேறெதையும் வைக்க மாட்டோம். மல்கோவா சாறும் வாசனையும் நிறைந்தது, ஒரு பழம் அரைக் கிலோவைத் தாண்டும். ஆனால் ஒரே மரத்தில் ஒரு பழம் அமிர்தம், அடுத்தது சப்பென்று இருக்கும். ருமானி உருண்டை, மெல்லிய தோல், சாறு அதிகம், ஜூஸுக்கு நல்லது. அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

நீலத்தைப் பலர் மதிப்பதில்லை, கடைசியில் மலிவாகக் கிடைப்பதால். பழம் சின்னது, 150 முதல் 250 கிராம். ஆனால் நன்றாகப் பழுத்த நீலத்தின் வாசனை கூடத்தில் வைத்தால் வாசல்வரை வரும். மல்லிகா அந்த நீலத்தின் பிள்ளை: டெல்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் நீலத்தோடு வடநாட்டுத் தசேரியைச் சேர்த்து எடுத்தது. பெற்றோரை மாற்றிப் போட்டு, தசேரியைத் தாயாகவும் நீலத்தைத் தந்தையாகவும் வைத்து எடுத்தது ஆம்ரபாலி. மல்லிகாவில் பெரிய பழம், ஆரஞ்சு நிறச் சதை, தேன் போன்ற இனிப்பு. ஆம்ரபாலி சிறியது, சதை இன்னும் அடர்ந்த நிறம், கொத்துக் கொத்தாகக் காய்க்கும்.

கிளிமூக்கை, அதாவது பெங்களூராவை, பழமாக மதிப்பிடுவதே தப்பு. தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சிலும் புதுவைக் கடற்கரையிலும் கீற்றுக் கீற்றாக வெட்டி உப்பும் மிளகாய்த்தூளும் தடவி விற்பது அதுதான், அந்த வேலையில் அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் நெத்திலிக் குழம்பில் போட அதன் புளிப்பு போதாது. அதற்குப் புளித்த நாட்டு மாங்காயோ, முற்றாத நீலமோ வேண்டும்.

மரம் சொல்வது

ருசியில் முன்னால் நின்ற இமாம்பசந்தும் மல்கோவாவும் இங்கே பின்னால் போகின்றன. இரண்டும் படர்ந்து வளரும், முப்பதடி இடைவெளி கேட்கும், ஒரு வருடம் காய்த்தால் அடுத்த வருடம் ஓய்வெடுக்கும். மல்கோவாவின் கனத்த காய் மே மாதக் கோடை மழைக் காற்றில் காம்பு இற்று விழுந்துவிடும். முப்பதுக்கு நாற்பது மனையில் இப்படி ஒரு மரத்தை வைப்பது, கேட்க நன்றாக இருந்தாலும், வீட்டுக்காரருக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் சண்டை மூட்டும் வேலை.

நீலம் இதற்கு நேர் எதிர். நடுத்தர உயரம், அடர்ந்த தலை, தவறாமல் காய்ப்பு. மழை தள்ளிப்போன வருடத்திலும் ஏதோ ஒரு பக்கக் கிளையாவது பூத்துவிடும். ஆம்ரபாலி அதைவிடக் குட்டை, மாடித் தோட்டத்துக்கு இதுவே முதல் தேர்வு. 200 லிட்டர் டிரம்மைப் பாதியாக வெட்டி, அடியில் ஐந்தாறு துளை போட்டு, செங்கல் மேல் தூக்கி வைக்க வேண்டும். மண் நனைந்தால் ஒரு டிரம் ஒன்றரை ஆள் எடையைத் தாண்டும், அதனால் தளத்தின் நடுவில் வைக்காமல் தூணோ பீமோ இருக்கும் இடத்துக்கு மேல் வையுங்கள். பங்கனப்பள்ளிக்கு இருபத்தைந்து அடியாவது வேண்டும். அதில் ஒரு வசதி, பழம் மே மாதம் வந்து ஜூன் தொடக்கத்தில் முடிந்துவிடும். ஏன் வசதி என்றால், கவாத்துக்கு, அதாவது கிளைகளை வெட்டிச் சீராக்க, நேரம் கிடைக்கிறது.

இந்தக் கவாத்துக் கணக்குதான் நம் ஊரில் பலருக்குப் பிசகுகிறது. ஜனவரியில் பூக்க வேண்டிய கிளை ஆகஸ்டுக்குள் துளிர்த்திருக்க வேண்டும், அப்போதுதான் நாலைந்து மாதம் முற்ற நேரம் இருக்கும். பறிப்பு முடிந்த கையோடு காய்ந்த குச்சி, உள்ளே குறுக்காகப் போகும் கிளை, பன்னிரண்டு அடிக்கு மேல் போன நுனி ஆகியவற்றை வெட்டிவிட வேண்டும். ஜூலைவரை காய் நிற்கும் நீலத்துக்கும் ஆம்ரபாலிக்கும் இதற்குக் கிடைப்பது சில வாரங்களே. செப்டம்பர், அக்டோபரில் வெட்டினால் மழையில் இளந்துளிர் கிளம்பும், அந்த வருடப் பூ போயிற்று. பிப்ரவரி வந்தும் பூக்கவில்லை என்றால் பொட்டாசியம் நைட்ரேட்டை லிட்டருக்கு 10 கிராம் கலந்து இலை நனையத் தெளிக்கலாம். முற்றிய கிளையில்தான் அது வேலை செய்யும், துளிரில் தெளித்துப் பயனில்லை.

அல்போன்சாவை, நம் பக்கத்தில் குண்டு என்பதை, இங்கே சிபாரிசு செய்ய மாட்டோம். வெளியே குறையே தெரியாத பழத்தை வெட்டினால் கொட்டையை ஒட்டி வெளுத்த, புளித்த, பஞ்சு போன்ற சதை இருக்கும். தரைச் சூடு ஏறும் இடங்களில் இது அதிகம். வீட்டில் சரிசெய்ய மருந்தில்லை.

நீலத்தின் பெரிய பழி

வெட்டினால் வண்டு இருக்கும் என்பதே நீலத்தின் மேலுள்ள புகார், அது நியாயமான புகார்தான். காய் பட்டாணியிலிருந்து கோலிக்குண்டு அளவில் இருக்கும்போதே தாய் வண்டு தோலைக் கீறி முட்டை வைக்கிறது. புழு சதையைக் கடந்து இளங்கொட்டைக்குள் போகிறது. போன வழி காய் பெருக்கும்போது ஆறி மூடிவிடும், தோலில் ஒரு புள்ளிகூடத் தெரியாமல் போகலாம். உள்ளே பருப்பைத் தின்று வளர்ந்து, பழுக்கும் நேரத்தில் வண்டாகி, கொட்டையையும் சதையையும் துளைத்து வெளியே வருகிறது. அந்த நாளுக்கு முன் வெட்டினால் சதை சுத்தமாக இருக்கும், பிந்தினால் கறுப்புத் தடத்தோடு வண்டு ஊரும். கிளிமூக்குக்கும் இந்தத் தொல்லை உண்டு.

வெளியே வந்த வண்டு தொலைதூரம் போவதில்லை. மரப்பட்டை வெடிப்பிலும் உதிர்ந்த சருகடியிலும் அடுத்த பூ வரும்வரை பதுங்கியிருக்கும். எனவே மருந்தைவிடத் துடைப்பமே பயன்: உதிர்ந்த காய், தின்று போட்ட கொட்டை எல்லாவற்றையும் பொறுக்கி எரித்துவிடுங்கள். பூக்கும் முன் அடிமரத்தின் காய்ந்த பட்டையைச் சுரண்டி எடுங்கள். பக்கத்து வீட்டு நீலமும் சேர்ந்து சுத்தமானால்தான் முழுப் பலன்.

பழ ஈ வேறு விஷயம். முற்றிய காயில் ஊசி குத்தியது போல் புள்ளி, உள்ளே வெள்ளைப் புழு. தாமத ரகங்களான நீலம், ஆம்ரபாலி இரண்டுக்கும் ஜூன் மாலை மழையோடு இது கூடும். பங்கனப்பள்ளி பாதி தப்பிவிடுகிறது. வாசனையால் ஈயை இழுக்கும் மெத்தில் யூஜினால் பொறி ஆண் ஈக்களை மட்டுமே பிடிக்கும், ஒரே மரத்துக்கு ஒரு பொறி கட்டிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. பழம் எலுமிச்சை அளவைத் தாண்டியதும் செய்தித்தாள் உறை மாட்டுவது நிச்சயமான வழி. மல்லிகா போல் எண்ணிக்கை குறைந்த, பெரிய காய்களுக்கு அது சாத்தியம். கொத்தாகக் காய்க்கும் ஆம்ரபாலிக்கு யார் உறை மாட்டுவது?

சாம்பல் நோய்க்கு நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம், பூங்கொத்து நீளும்போது ஒருமுறை, தேவைப்பட்டால் இரண்டு வாரம் கழித்து மறுமுறை. பூங்கொத்தில் சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சி இருந்தால் வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, கூடவே சிறிது சோப்புக் கரைசல். பூ முழுதாக விரிந்திருக்கும் நாட்களில் எதையும் தெளிக்காதீர்கள், மாவுக்கு மகரந்தம் சேர்ப்பவை ஈக்களும் தேனீக்களுமே.

கன்று, குழி, பறிப்பு

தின்ற பழத்தின் கொட்டையை நட்டால் அதே ரகம் வராது, காய்க்கவும் ஆறேழு வருடமாகும். ஒட்டுக்கன்று வாங்குங்கள். ஒட்டுப் போட்ட இடம் கெட்டியாகச் சேர்ந்திருக்கிறதா, கட்டிய பிளாஸ்டிக் நாடா இன்னும் இறுக்கிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். நாடாவை அவிழ்க்காமல் நட்டால் தண்டு அங்கே கழுத்து நெரிந்து காற்றில் ஒடியும். குழி மூன்றடிக்கு மூன்றடி, மேல்மண்ணோடு மக்கிய எரு பத்துக் கிலோ. ஒட்டு தரைக்கு மேல் அரையடி நிற்க வேண்டும். அதற்குக் கீழே துளிர்ப்பதைக் கிள்ளிக்கொண்டே இருங்கள், விட்டால் நாட்டு மா மேலேறி ஒட்டு செத்துவிடும். கேப்பர் மலை, ஆரோவில் பக்கச் செம்மண்ணில் ஆடியில் நடலாம். கெடிலம், பெண்ணையாற்றுப் படுகையில் தண்ணீர் நிற்கும் தாழ்ந்த மனையானால் மழை முடிந்து தையில், ஒன்றரையடி மேடு கட்டி அதன் மேல் நடுங்கள். முதல் மூன்று வருடப் பூவைக் கிள்ளிவிட மனம் வராது. கிள்ளாவிட்டால் கன்று குச்சியாகவே நிற்கும்.

உரம் மழைக்கு முன் செப்டம்பரில், அடிமரத்தை ஒட்டாமல் கிளை நுனிக்குக் கீழே வட்டமாக. வளர்ந்த மரத்துக்கு எரு ஐம்பது கிலோ வரை போகலாம். நவம்பர் தொடங்கிப் பூ வரும்வரை தண்ணீர் விடவே வேண்டாம், காய் பட்டாணி அளவான பிறகு வாரம் ஒருமுறை.

முற்றியதா என்று தெரிய, தோள்பட்டை காம்புக் குழிக்கு மேலே எழும்பியிருக்கிறதா பாருங்கள். ஒன்றைப் பறித்து வாளித் தண்ணீரில் போடுங்கள், முற்றியது மூழ்கும். ஓர் அங்குலக் காம்போடு வெட்டி, தலைகீழாக வைத்துப் பாலை வடியவிடுங்கள். பால் பட்ட இடம் கறுத்து அழுகும். பழுக்க வைக்கும் கார்பைடு கல் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி தடை செய்யப்பட்டது, வீட்டுக்கு அது தேவையுமில்லை. வைக்கோலில் பங்கனப்பள்ளி ஐந்தாறு நாளில் பழுக்கும், மல்லிகாவுக்கு இன்னும் கொஞ்சம் பொறுக்க வேண்டும். அவசரப்பட்டு வெட்டினால் மல்லிகா வெறும் மாவு மாதிரி இருக்கும்.

நர்சரிகளில் இப்போது மியாசாகி என்று அதிக விலை சொல்கிறார்கள். அது ஜப்பானில் ஒரு மாநிலம். அங்கே வளர்ப்பது பெரும்பாலும் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் உருவான இர்வின் என்ற ரகம். விலை போவது கண்ணாடிக் கூடத்தில் வளர்த்து, 350 கிராமும் 15 பிரிக்ஸ் இனிப்பும் தேறிய பழத்துக்கு. நம் மதிலோரத்தில் நட்டால் சிவந்த தோலோடு ஒரு நல்ல மாம்பழம் கிடைக்கலாம், அந்த விலை கிடைக்காது. வருடம் முழுக்கக் காய்க்கும் என்று விற்கும் தாய்லாந்து ரகங்கள் தொட்டியில் சீக்கிரம் பூக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஐப்பசியில் வரும் பூ மழையில் கருகிவிடும், நம் ஊரில் அவற்றிலும் மிஞ்சுவது கோடைக் காய்ப்பே.