பர்கண்டி ஒயின் டூருக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்

"சின்னக் குழு, கிராமத்துச் சாப்பாடு, ஒயின் தோட்டம்" என்று பிரான்ஸ் டூர் விளம்பரம் பார்த்துவிட்டு முன்பணம் அனுப்பலாமா என்று யோசிக்கிறவர்கள், ஒரு பத்து நிமிடம் ஒதுக்கி இதைப் படித்துவிடுங்கள். போன செப்டம்பரில் நானும் அக்காவும் ஆளுக்கு 2,950 யூரோ கட்டி ஆறு நாள் பிரான்சின் ஒயின் வட்டாரமான பர்கண்டிக்குப் போய் ஏமாந்து வந்தோம். விமானம், விசா செலவெல்லாம் தனி.

அக்கா புதுச்சேரியில் 31 வருடம் பள்ளியில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தவள். பர்கண்டியில் உள்ள போன் (Beaune) நகரத்தில் 1443இல் நிக்கோலா ரொலான் ஏழைகளுக்காகத் தொடங்கிய மருத்துவமனை இருக்கிறது. அதன் வண்ண ஓட்டுக் கூரையை ஒவ்வொரு வருடமும் கலர் சாக்பீஸில் பலகையில் வரைந்து காட்டுவாளாம். ஓய்வுபெற்று பணம் கைக்கு வந்ததும் அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "தம்பி, அந்தக் கூரையை ஒரு தடவை நேர்ல பார்த்துடணும்டா." சேர்த்து வைத்த பணத்தை எடுத்து அவள்தான் இரண்டு பேருக்கும் கட்டினாள். அந்தப் பணம் போன விதத்தை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

நிறுவனத்தின் பெயரை இங்கே போடவில்லை. விவகாரம் இன்னும் முடியவில்லை. இதே மாதிரி விற்கிறவர்கள் வேறு பலரும் இருக்கிறார்கள் என்பதை இப்போது தேடிப் பார்த்தபோது தெரிந்துகொண்டேன்.

சொன்னது இது: அதிகபட்சம் எட்டுப் பேர். ஒயின் தயாரிக்கும் நான்கு குடும்பங்களின் வீட்டுக்கே போய் அவர்களோடு பேசிச் சுவைப்பது. சமையல்காரரோடு போன் சந்தையில் காய் வாங்கிப் பண்ணை வீட்டில் சமைப்பது. 'கிராண்ட் க்ரூ' என்ற உச்சத் தர ஒயின்கள். திராட்சை அறுவடையை நேரில் பார்ப்பது.

ஞாயிற்றுக்கிழமை திஜோன் ரயில் நிலையத்தில் இறங்கினால் பதினான்கு பேர் நிற்கிறோம். இரண்டு வேன். வழிகாட்டி ஒருவர்தான், அவரே முதல் வேனின் டிரைவர். அங்கே சாதாரண கார் உரிமத்தில் டிரைவரோடு சேர்த்து ஒன்பது இருக்கை வரை ஓட்டலாம், அதனால்தான் இந்த டூர்களில் எல்லாம் 'எட்டுப் பேர்' என்ற கணக்கு வருகிறது. எட்டுக்கு மேல் சேர்ந்ததும் இன்னொரு வேனை வாடகைக்கு எடுத்து, உள்ளூர் டிரைவர் ஒருவரை உட்கார வைத்துவிட்டார்கள். அவருக்குப் பிரெஞ்சு மட்டும்தான் தெரியும். எங்களுக்குக் கிடைத்தது அந்த வேன். அக்கா இருந்ததால் எங்களுக்குச் சமாளிக்க முடிந்தது. பின்சீட்டில் இருந்த வயதான தம்பதி ஆறு நாளும் சன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். வழிகாட்டியிடம் கேட்டதற்கு, "ஒரு வேனுக்கு எட்டுப் பேர் என்றுதானே அர்த்தம்" என்றார்.

அடுத்து தோட்டங்கள். திஜோனிலிருந்து சாந்தனே வரை சுமார் 60 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒயின் சாலை போகிறது. ஒரு பக்கம் சரிவு, சரிவு முழுக்கத் திராட்சை. சிவப்பு ஒயினுக்குப் பினோ நுவார் ரகம், வெள்ளைக்கு ஷார்தொனே. ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் தனிப்பெயர், தனி எல்லை. அந்தத் துண்டுகளை யுனெஸ்கோ 2015இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அழகு, மறுக்கவில்லை. ஆனால் நாங்கள் போக வேண்டிய முதல் குடும்பத்தின் வாசலில் வேன் நின்றபோது கேட் பூட்டியிருந்தது. கம்பியில் ஒரு சின்னக் கரும்பலகை கட்டித் தொங்கியது. அக்கா இறங்கிப் போய்ப் படித்துவிட்டு வந்து மெதுவாகச் சொன்னாள்: "அறுவடைக்காக மூடியிருக்குன்னு போட்டிருக்கு."

செப்டம்பரில் சின்னத் தோட்டக்காரர்கள் வீட்டில் ஒருவருக்கும் மூச்சுவிட நேரம் இருக்காது. விடிந்ததும் பறிக்கப் போக வேண்டும், பறித்ததைத் தொட்டியில் போட வேண்டும், நொதிப்பதை இரவு பகலாகப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். விருந்தாளியை உட்கார வைத்து ஒயின் ஊற்ற யாருக்கு நேரம்? பெரும்பாலான சின்ன வீடுகள் அந்த வாரங்களில் வெளியாட்களை உள்ளே விடுவதில்லை. இந்தத் தொழிலில் இருக்கிற ஒருவருக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை. தெரிந்தே 'அறுவடைக் காலம்' என்று கூடுதல் விலை வைத்து, அதே வாரத்தில் 'குடும்பத்தோடு சுவைப்பது' என்றும் விற்றிருக்கிறார்கள். நான்கு வீடுகளில் ஒன்றுகூட நடக்கவில்லை. ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் "நடைமுறைக் காரணங்களால் இடம் மாறலாம், இணையான இடம் தரப்படும்" என்று ஒரு வரி இருந்தது. நான் அதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். 'இணையான' என்றால் என்னவென்று கேட்கவில்லை.

இணையான இடம் என்பது, பெரிய பஸ்கள் வந்து நிற்கும் ஒரு ஒயின் கடை. நீளமான மேசை, ஆளுக்கு ஆறு கிளாஸ், ஒவ்வொன்றிலும் அடி நனையும் அளவுக்கு ஒயின். ஊற்றுகிற பையன் பாட்டிலின் நடுவில் வெள்ளைத் துணியைச் சுற்றிப் பிடித்திருந்தான். மூன்றாவது கிளாஸ் வந்தபோது வழிகாட்டி "இது ஜெவ்ரே-ஷாம்பெர்தான் பக்கத்து ஒயின், நெப்போலியனுக்குப் பிடித்த ஊர்" என்று ஆரம்பித்தார். அக்கா பிரெஞ்சில் மரியாதையாகக் கேட்டாள்: "தம்பி, பாட்டிலைக் கொஞ்சம் பார்க்கலாமா?" பையன் ஒரு நிமிடம் தயங்கி, துணியை இறக்கினான். லேபிளில் 'கொத்தோ பூர்கினியோன்' என்று இருந்தது.

பர்கண்டி ஒயின் தரத்தில் நான்கு படி உண்டு. கீழே வட்டாரப் பெயர் மட்டும் போட்டது. அதற்கு மேல் ஊர்ப் பெயர் போட்டது. அதற்கு மேல் 'ப்ரமியே க்ரூ'. உச்சியில் 'கிராண்ட் க்ரூ', மொத்தமே 33 நிலங்கள். மொத்த உற்பத்தியில் நூற்றில் ஒன்றிரண்டுதான் அது. கொத்தோ பூர்கினியோன் என்பது 2011இல் வந்த பெயர், எல்லாவற்றிலும் கீழே வருவது. பர்கண்டியில் எங்கே விளைந்த திராட்சையும் அதில் சேரலாம், காமே என்ற மலிவான ரகமும் சேரலாம். அந்தக் காமேயைத்தான் 1395இல் அந்த நாட்டுப் பிரபு பிலிப் தோட்டங்களிலிருந்து பிடுங்கி எறியச் சொல்லி ஆணை போட்டார். குடிக்கக் கூடாதது ஒன்றும் இல்லை, கடையில் சில யூரோவுக்கு வாங்கி வீட்டில் சந்தோஷமாகக் குடிக்கலாம். கிராண்ட் க்ரூ விலை வாங்கிக்கொண்டு ஊற்றக் கூடாது, அவ்வளவுதான்.

ஊர்ப் பெயரிலும் ஒரு விஷயம் கவனியுங்கள். ஜெவ்ரே என்ற ஊர் 1847இல் தன் பெயரோடு தன்னிடம் உள்ள புகழ்பெற்ற ஷாம்பெர்தான் நிலத்தின் பெயரைச் சேர்த்துக்கொண்டது. மற்ற ஊர்களும் அப்படியே செய்தன. அதனால் 'ஜெவ்ரே-ஷாம்பெர்தான்' என்று போட்டிருந்தால் அது ஊர் ஒயின். 'ஷாம்பெர்தான்' என்று மட்டும் இருந்தால் அது கிராண்ட் க்ரூ. நிகழ்ச்சி நிரலில் இந்தப் பெயர்களைப் பார்த்து மயங்க வேண்டாம்.

பையன் நல்லவன். அக்காவிடம் தணிந்த குரலில், "மதாம், குழுவுக்கு எது ஊற்றணும்னு அவங்கதான் முன்கூட்டியே சொல்லுவாங்க, உங்களுக்கு அடிப்படைச் சுவைப்புதான் பதிவாகியிருக்கு" என்றான். வெளியே வரும்போது பில் போடும் இடத்தில், யார் பாட்டில் வாங்கினாலும் ரசீதின் மேல் எங்கள் வழிகாட்டியின் பெயரை எழுதுவதைப் பார்த்தேன். அது எதற்கென்று கேட்டேன், பதில் வரவில்லை.

அடுத்த நாள் ரொமானே-கோந்தி என்ற புகழ்பெற்ற ஒயின் தோட்டத்துக்கு 'விசிட்'. 1.8 ஹெக்டேர் நிலம், பக்கத்தில் ஒரு கல் சிலுவை, முன்னால் பொதுச் சாலை. யார் வேண்டுமானாலும் சைக்கிளில் வந்து நின்று பார்க்கலாம், கட்டணம் கிடையாது. பத்து நிமிடம் நின்றோம். குளோ த வூஜோ என்ற இன்னொரு தோட்டத்தின் மதில் பக்கத்தில் இன்னொரு பத்து நிமிடம். சிஸ்டர்சியன் துறவிகள் எழுப்பிய அந்த மதிலுக்குள் 50 ஹெக்டேர், அதை 80 பேர் வரை பங்குபோட்டு வைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அக்காதான் எங்கள் வேனுக்குச் சொன்னாள். உள்ளே இருக்கும் கோட்டையைக் கட்டணம் கட்டிப் பார்க்கலாம். எங்கள் நிரலில் அது இல்லை.

சந்தைக்கு எங்களைக் கூட்டிப்போனது திங்கட்கிழமை. போன் நகரத்தின் பெரிய சந்தை சனிக்கிழமை, சின்னது புதன்கிழமை. ஞாயிறு தொடங்கி வெள்ளி முடியும் டூரில் சனிக்கிழமையே கிடையாது என்பது எனக்கு அந்தக் காலிச் சதுக்கத்தில் நின்றபோதுதான் உறைத்தது. கடைகளும் பாதி மூடியிருந்தன, அங்கே திங்கள் அப்படித்தான்.

இதைவிட மனசை உறுத்தியது சமையல். பழைய கல் வீடு, செம்புப் பாத்திரங்கள், எல்லோருக்கும் ஏப்ரன். பெஃப் பூர்கினியோன் செய்யப் போகிறோம் என்றார்கள், மாட்டிறைச்சியைச் சிவப்பு ஒயினில் வேக வைப்பது. வெங்காயம், காரட் நறுக்கினோம். இறைச்சியைப் பிரட்டிச் சிவக்க வைத்தோம். இருபது நிமிடத்தில் "இனி அது வேகட்டும், நீங்கள் தோட்டத்தில் உட்காருங்கள்" என்றார்கள். ஒரு மணி நேரத்தில் சாப்பாடு வந்தது. கறி கரண்டி பட்டதும் பிரிந்தது. எனக்குச் சமையல் தெரியும். அந்தக் கறி அப்படி வேக மூன்று மணி நேரமாவது ஆகும். தண்ணீர் கேட்கிற சாக்கில் அடுப்படிக்குப் போனேன். நாங்கள் சிவக்க வைத்த இறைச்சி அதே சட்டியில் அப்படியே ஆறிப்போய் மேடையில் இருந்தது, மேலே கொழுப்பு வெள்ளையாக உறைந்திருந்தது. குப்பைக் கூடையில் பெரிய பிளாஸ்டிக் பைகள், எத்தனை நிமிடம் வெந்நீரில் போட வேண்டும் என்று அச்சடித்தவை. நத்தையும் டின்னிலிருந்துதான். 'பர்கண்டி நத்தை' என்பது அந்த இனத்தின் பெயர். பெரும்பாலும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வருகிறது. பிரான்சில் 2014 முதல் 'ஃபே மெசோன்', அதாவது 'இங்கேயே சமைத்தது' என்பதற்கு ஓர் அடையாளம் இருக்கிறது: சட்டி, அதன் மேல் வீட்டுக் கூரை. அந்தப் படம் அந்த வீட்டில் எங்குமே இல்லை.

இனி நான் செய்யாமல் விட்டதைச் சொல்கிறேன். பிரான்சில் டூர் விற்கும் நிறுவனம் அத்து பிரான்ஸ் (Atout France) என்ற சுற்றுலா வளர்ச்சி அமைப்பு வைத்திருக்கும் பதிவேட்டில் பதிந்திருக்க வேண்டும். பணம் திரும்பத் தர உத்தரவாதமும் காப்பீடும் காட்டினால்தான் பதிவு. 'ஐஎம்' (IM) என்று தொடங்கும் எண் ஒன்று தருவார்கள். பதிவேட்டை யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம், ஐந்து நிமிட வேலை. நான் திரும்பி வந்த பிறகு தேடினேன், பெயர் இல்லை. விளம்பரத்தில் ஒரு பெயர், ஒப்பந்தத்தில் இன்னொரு பெயர், அந்த இரண்டாவது ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே பதிவானது. ஒன்றியச் சட்டப்படி, சொன்ன சேவை நடக்கவில்லையென்றால் விலையைக் குறைக்கச் சொல்லும் உரிமை பயணிக்கு உண்டு. போதிய ஆள் சேரவில்லை என்று அவர்களே ரத்து செய்தால், 14 நாளுக்குள் முழுப் பணமும் தர வேண்டும். ஆனால் அந்த உரிமையை யாரிடம் போய்க் கேட்பது என்பதே எங்களுக்குக் குழப்பமாகிவிட்டது. பணத்தையும் வங்கி மூலம் நேரடியாக அனுப்பிவிட்டோம். கிரெடிட் கார்டாக இருந்திருந்தால் வங்கி வழியாகவாவது தகராறு எழுப்பியிருக்கலாம்.

கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது, எந்தத் தோட்டம், எந்த ஒயின், எத்தனை கிளாஸ், எந்தத் தேதியில் என்பதை மெயிலில் பெயர் போட்டு எழுதி வாங்குங்கள். "அங்கே போய்ப் பார்த்துக்கலாம்" என்றால் விட்டுவிடுங்கள். அறுவடை வாரங்களில் வீட்டுச் சுவைப்பு என்று சொன்னால், அந்தத் தோட்டத்துக்கே ஒரு மெயில் போட்டுக் கேளுங்கள், பதில் வரும். குறை இருந்தால் அன்றைக்கே எழுத்தில் கொடுங்கள். நாங்கள் மற்றவர்கள் சந்தோஷத்தைக் கெடுக்க வேண்டாம் என்று கடைசி நாள் வரை வாயைத் திறக்கவில்லை. அதையே இப்போது "அப்போது ஏன் சொல்லவில்லை" என்று திருப்பிக் கேட்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை டூர் முடிந்ததும் திஜோனின் இரும்புக் கூரைச் சந்தைக்கு நாங்களே நடந்துபோனோம். அன்று சந்தை நாள். ஒரு பாலாடைக்கட்டிக் கடைப் பாட்டி அக்காவின் பிரெஞ்சைக் கேட்டு, எப்புவாஸ் என்ற ஆரஞ்சு நிறக் கட்டியை ரொட்டியில் தடவிக் கொடுத்து, திராட்சைச் சாராயம் கலந்த தண்ணீரில் அதைக் கழுவிக் கழுவிப் பழுக்க வைக்கும் கதையைக் கால் மணி நேரம் சொன்னார். சனிக்கிழமை ரயில் ஏறி அரை மணிக்குள் போன் போய்ச் சேர்ந்தோம். அந்தக் கூரைக்குக் கீழே முற்றத்தில் அக்கா ரொம்ப நேரம் நின்றாள். டூரில் அதற்கு நாற்பது நிமிடம்தான் கொடுத்திருந்தார்கள்.

ஊர் திரும்பி நான் எழுதிய மூன்று மெயிலுக்கும் சேர்த்து வந்த பதில், அடுத்த டூரில் கழித்துக்கொள்ள 150 யூரோ கூப்பன். வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். லேபிள், பூட்டிய கேட், கரும்பலகை, குப்பைக்கூடை எல்லாவற்றின் படங்களையும் வைத்து அக்கா பிரெஞ்சில் நாலு பக்கக் கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறாள். அதே வேனில் வந்த வயதான தம்பதியும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். பதில் வந்ததும் இங்கேயே சொல்கிறேன்.