டொக்டருக்கு முழு மார்க்ஸ், கவுண்டருக்கு இல்லை

சித்திரையில் திருகோணமலை உப்புவெளி எப்படி அவியும் என்று சொல்லத் தேவையில்லை. அந்த வெக்கையிலும் நான் ஃபேனை நிறுத்திவிட்டுப் போர்த்திக்கொண்டு படுத்தேன். "இஞ்சாரும், ஃபேனைப் போடுமன், மனுசன் அவியுறான்" என்று இவர் கத்தின பிறகுதான் எனக்கே உறைத்தது. தலைமயிர் கைநிறையக் கொட்டியது, மலச்சிக்கல், முகம் ஊதல். ஒரு பிளவுஸ் தைத்து முடிக்க இரண்டு நாள். கவலை என்று சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் எதிலும் ஆசையும் இல்லை. சோம்பல் என்றார் இவர், வயசு என்றார் மாமி. எனக்கு 43.

ரவுணில் ஒரு தனியார் கிளினிக்கில் சானல் பண்ணி நேரம் எடுத்தேன். குறையும் சொல்லப்போவதால் பெயர் போடவில்லை. 4 மணிக்கு வரச் சொன்னார்கள், டொக்டர் வந்தது 5.40-க்கு. அதையாவது பொறுக்கலாம். கவுண்டரில் இருந்த பிள்ளை பத்துப் பேருக்கு முன்னால் "அக்கா, பீரியட்ஸ் பிரச்சினையோ?" என்று சத்தமாகக் கேட்டது.

உள்ளே நடந்ததற்காகத்தான் இதை எழுதுகிறேன். டொக்டர் என்னைக் கதிரையில் முழங்காலில் நிற்கவைத்து, குதிக்காலுக்கு மேலே சின்னச் சுத்தியலால் தட்டினா. பாதம் துள்ளிவிட்டு மெல்ல மெல்லத் திரும்பியது. "பாருங்கோ, ஆறுதலாத்தான் வருது" என்றா. பிறகு, "கடைசியா எதை ஆசைப்பட்டுச் சாப்பிட்டீங்கள்?" எனக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை. வருசப்பிறப்புக்கு வைத்த நண்டுக்கறியைக்கூட மருந்து மாதிரித்தான் விழுங்கியிருந்தேன். இவரோடு சேர்ந்திருப்பதில் விருப்பம் இருக்கிறதா என்பதையும், பிரஷரைக் கேட்பது போலச் சாதாரணமாகக் கேட்டா. இரண்டு வருசமாக யாரும் கேட்காத கேள்வி.

இரத்தச் சோதனை ரிப்போட்டில், தைரொயிட்டைத் தூண்டுகிற ஹோர்மோனான டி.எஸ்.எச். 18.6. ஏறக்குறைய 0.4-க்கும் 4-க்கும் இடையில் இருக்க வேண்டுமாம். கழுத்துச் சுரப்பியான தைரொயிட் நித்திரை, பாதம் மெல்லத் திரும்பினதும் அதனால்தான், அதை எழுப்ப மூளைக்குக் கீழே இருக்கிற பிட்யூட்டரி கத்துகிறது, அந்தக் கத்தல்தான் இந்த இலக்கம் என்று விளங்கப்படுத்தினா. குறைகிற தைரொயிட் ஹோர்மோனுக்குப் பதிலாக லிவோதைரொக்ஸின் குளிசை. காலையில் வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும். இரும்புச்சத்து, கல்சியம் குளிசைகளுக்கு 4 மணித்தியால இடைவெளி. எழும்பி அரை மணித்தியாலம் பிளேன்டீ இல்லாமல் இருப்பதுதான் இந்த வைத்தியத்திலேயே பெரிய கஷ்டம்.

6 கிழமை கழித்துத் திரும்பச் சோதித்தபோது 3.8. குளிர் போனது, வயிறு சரியானது. மனம் மட்டும் பாதியில் நின்றது, விடிய 3 மணிக்கே முழிப்பு. குளிசையைக் கூட்டித் தருவா என்று நினைத்தேன். "தைரொயிட் இப்ப சரி அம்மா. மனச்சோர்வு தனியா இருக்கு, அதுக்கும் பார்க்கவேணும்" என்று மனநலக் கிளினிக்குக்குக் கடிதம் தந்தா. தன்னிடமே வைத்துக் காசு பார்க்கவில்லை, அது பெரிய விசயம். யாரும் கண்டுவிடுவார்களோ என்ற பயத்தில் முதல் கிழமை போகவில்லை. அப்புறம் போனேன். நேரில் போகக் கூச்சமானவர்கள் மனநல உதவித் தொலைபேசி இலக்கமான 1926-க்கு எடுத்துக் கதைக்கலாம்.

டொக்டர் காசு 2,500 ரூபா, இரத்தச் சோதனை தனி. காலை 7 மணிக்கே கோல் எடுங்கள், பிந்தினால் இருபதாம் நம்பருக்கு மேலேதான் கிடைக்கும். கவுண்டரில் என்ன வருத்தம் என்று கேட்டால் "டொக்டரிட்டச் சொல்லுறன்" என்று மட்டும் சொல்லுங்கள்.