தங்க ஆய்வு என்று பணம் கேட்டு வருகிறார்கள், மேலூர் பக்கத்தார் கவனம்

மேலூர், கொட்டாம்பட்டி, நத்தம் பக்கம் பட்டா நிலம் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு வீட்டுப் பெரியவர்களிடமும் சொல்லுங்கள். உங்கள் நிலத்தில் தங்கம் இருக்கிறது, ஆய்வு செய்து தருகிறோம் என்று என் சித்தப்பாவிடம் 1.5 லட்சம் வாங்கிவிட்டார்கள். சித்தியின் நகையை அடகு வைத்துக் கொடுத்த பணம். இப்போது போர் போட்டுப் பார்க்க வேண்டுமாம், இரண்டாம் தவணை கேட்கிறார்கள்.

அவர்கள் கொடுத்த ஆய்வு அறிக்கையை வாங்கிப் படித்தேன். மேப்பில் கர்நாடகாவின் கோலாரிலிருந்து தெற்கே சிவப்புக் கோடு ஒன்றை இழுத்து, ‘கோலார் தங்கப் பட்டையின் தொடர்ச்சி’ என்று எழுதி, சித்தப்பாவின் தோட்டத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். மொத்த ஏமாற்றும் அந்தக் கோட்டில்தான் இருக்கிறது. கோலார் பட்டை என்பது தங்கம் கிடைத்த பாறைகள் நீளவாக்கில் ஓடும் பகுதி. அது வடக்கு தெற்காகச் சுமார் 80 கிலோமீட்டர்தான், கிருஷ்ணகிரி எல்லைப் பக்கமே முடிந்துவிடும். கோலாருக்கும் மேலூருக்கும் 300 கிலோமீட்டருக்கு மேல். கோலாரில் தங்கம் கிடைத்தது, பழைய எரிமலைக் குழம்பு உருமாறிய கரும்பாறைகளுக்குள் ஓடும் வெங்கச்சங்கல் நரம்புகளில். நம் பக்கம் இருப்பது சார்னோக்கைட், நைஸ், கிரானைட் என்ற வேறு வகைப் பாறைகள். பாறையும் வேறு, அது பூமிக்குள் வெந்த ஆழமும் சூடும் வேறு.

தென்பக்கம் தங்கமே கிடையாது என்று சொல்லவில்லை. நீலகிரியில் பந்தலூர், தேவாலா பக்கம் உண்டு. 1880 வாக்கில் அதை நம்பி லண்டனில் வரிசையாகக் கம்பெனி ஆரம்பித்துப் பங்கு விற்றார்கள். சில வருஷத்தில் பெரும்பாலும் மூடிவிட்டார்கள். தங்கம் இருப்பது ஒன்று, தோண்டினால் கட்டுப்படியாவது வேறு.

அப்புறம் சித்தப்பாவிடம் அவர்கள் காட்டிய மினுங்கும் கல். ஒரு டன் பாறையில் சில கிராம் தங்கம் இருந்தாலே சுரங்கம் நடத்துவார்கள், அந்த அளவு பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது. கையில் எடுத்ததும் மினுங்கினால் காக்காப்பொன்னாகவோ, பார்க்கத் தங்கம் போலவே இருக்கும் பைரைட் என்ற கனிமமாகவோ இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். துப்பாக்கி மாதிரிக் கருவியைக் கல்லில் வைத்து ‘தங்கம் காட்டுது’ என்றார்களாம். எக்ஸ்ரே கொண்டு பார்க்கும் அந்தக் கருவி, இவ்வளவு குறைந்த அளவுத் தங்கத்தை நம்பும்படி காட்டாது. கல்லைப் பொடித்து லேபில் உருக்கிப் பார்க்க வேண்டும். அறிக்கையில் லேப் பெயரும் இல்லை, எந்த இடத்தில் கல் எடுத்தார்கள் என்ற விவரமும் இல்லை.

1957 கனிமச் சட்டப்படி, சொந்தப் பட்டாவாக இருந்தாலும் அரசு உரிமம் இல்லாமல் தங்கம் தேடிப் போர் போடக் கூடாது. இதை அவர்கள் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பாறை மேப்பை பூகோஷ் (Bhukosh) என்ற அதன் இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். கலெக்டர் ஆபீஸில் உள்ள புவியியல், சுரங்கத் துறையிலும் கேட்கலாம்.

போலீஸில் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறோம். ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் ரசீது, அறிக்கை, வாட்ஸ்அப் மெசேஜ் எதையும் அழிக்காதீர்கள். நீங்களும் தனியாகப் புகார் கொடுங்கள். இரண்டாம் தவணையை மட்டும் கட்டிவிடாதீர்கள்.