பாக்கெட்டிலும் காட்டிலும் ஒரே மடக்குக்கத்தி: நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

தினமும் பாக்கெட்டில் கிடக்கும் கத்தியே காட்டுக்கும் போதுமா என்று கேட்பவர்கள் நிறையப் பேர். என் பதில்: போதும், அலகு மெல்லிசாக இருந்தால். மூன்று கத்திகளைப் பல வருடங்களாக மாற்றி மாற்றி வைத்திருந்த அனுபவத்தில் சொல்கிறேன். ஒன்று சுவிஸ் நிறுவனமான விக்டோரினாக்ஸின் ஃபார்மர். இரண்டாவது கார்பன் எஃகு அலகுள்ள ஓபினெல் 8. மூன்றாவது, ‘கடினமான வெளிப்புற வேலைகளுக்கு’ என்று விற்கப்பட்ட, நான்கு மில்லிமீட்டர் தடிமன் அலகும் லைனர் லாக்கும் (பிடிக்குள் இருக்கும் தகடு அலகின் அடியில் வந்து நின்று பூட்டும் முறை) உள்ள கனமான கத்தி. அதன் பெயர் இங்கே வேண்டாம், அந்த வகைக்கே பொருந்தும் விஷயங்களைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் ஒரு கத்திக்கு உண்மையில் என்ன வேலை வருகிறது என்று பாருங்கள். வீட்டில் அட்டைப்பெட்டி, டேப், நூல், பழம், பிளாஸ்டிக் உறை. காட்டில் கயிறு அறுப்பது, கூடாரத்துக்கு முளைக்குச்சி செதுக்குவது, தீ மூட்டச் சீவல் எடுப்பது, சமையலுக்கு நறுக்குவது. இரண்டு பட்டியலிலும் எல்லாமே சீவுவதும் அறுப்பதும்தான். நெம்புவதும் பிளப்பதும் அபூர்வம்; வந்தாலும் அதை மடக்குக்கத்தியால் செய்யக் கூடாது.

சீவுகிற வேலையில் கத்தியின் கூர் மட்டும் முக்கியமில்லை. கூருக்குப் பின்னால் அலகு எவ்வளவு சீக்கிரம் தடிக்கிறது என்பதுதான் கையில் தெரியும். தடித்த கத்தியை எவ்வளவு தீட்டினாலும், ஓர் ஆப்பிளில் இறக்கினால் பாதிக்கு மேல் அது வெட்டாது, பிளக்கும். துண்டு ‘டக்’கென்று உடைந்து விலகும். ஓபினெல் 8-இன் அலகு முதுகில்கூட இரண்டு மில்லிமீட்டரைத் தொடாது. அதே ஆப்பிளில் சத்தமில்லாமல் அடிவரை இறங்கும். மரத்திலும் இதே கதைதான், அங்கே இன்னும் நன்றாகத் தெரியும்.

தீ மூட்டச் சீவல் எடுப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். மழைக்குப் பிறகு வெளியில் கிடக்கும் சுள்ளி எல்லாம் ஊறியிருக்கும். கட்டைவிரல் தடிமனுள்ள, முடிச்சில்லாத, செத்துக் காய்ந்த ஒரு கொம்பைத் தேடி, ஈரப் பட்டையை உரித்துவிட்டால் உள்ளே உலர்ந்த மரம் இருக்கும். கொம்பின் அடியை ஒரு கட்டை மேல் ஊன்றிக்கொண்டு, அலகை ஏறக்குறையப் படுக்க வைத்து மேலிருந்து கீழே நீளமாகத் தள்ள வேண்டும். முதல் இழுப்பில் ஒரு மூலை கிடைக்கும். கொம்பைத் துளி திருப்பி அந்த மூலையின் மேலேயே அடுத்த சீவலை எடுத்தால், அது காகிதம் போல மெலிந்து சுருண்டு கொம்பிலேயே தங்கும். அடி வரைக்கும் போய் நிறுத்துவதில்தான் கை பழக வேண்டும். இப்படி ஒரு கொத்துச் சுருள் சேர்ந்தால் ஒரே தீக்குச்சி போதும். மெல்லிய அலகில் இது சில நிமிட வேலை. தடித்த கத்தியில் சுருள் வராது. அலகு மரத்துக்குள் ஆழமாக இறங்கிச் சிராய் சிராயாகப் பெயர்த்து எடுக்கும்.

ஃபார்மர் என் மனதில் முதலிடத்தில் இருப்பதற்கு அதன் ரம்பம்தான் காரணம். மூடினால் 93 மில்லிமீட்டர் நீளமுள்ள கத்தி. அதற்குள் ஒரு முழு அலகு, ரம்பம், தமரூசி (துளை போடும் ஊசி), டின் திறப்பான், பாட்டில் திறப்பான். ரம்பம் சின்னதுதான். ஆனால் இரண்டு விரல் தடிமனுள்ள கிளையைச் சுத்தமாக அறுக்கிறது, இன்னும் பருமனான கிளையைச் சுற்றிலும் அறுத்து ஒடித்துவிடலாம். முளைக்குச்சியில் கயிறு நிற்பதற்கான பள்ளத்தையும் முதலில் ரம்பத்தால் ஒரு கோடு போட்டு, பிறகு அலகால் அந்தக் கோடு வரை சீவினால் பிசகாது. கத்தியை மரத்தில் வைத்து மேலே கட்டையால் அடித்துப் பிளப்பதைக் காணொளிகளில் நிறையப் பார்க்கிறோம். மடக்குக்கத்தியில் அந்த அடி முழுவதையும் தாங்குவது அலகையும் பிடியையும் இணைக்கும் ஒரு சின்ன ஆணி. ஆணி தளர்ந்தால் அலகு ஆடும், ஆடினால் பூட்டும் சரியாகப் பிடிக்காது. கையில் ரம்பம் இருந்தால் பிளக்கும் தேவையே பெரும்பாலும் எழுவதில்லை.

இன்னொன்று, ரம்பத்தின் முதுகு. ஃபெர்ரோ ராடில் (உரசித் தீப்பொறி எடுக்கும் உலோகக் குச்சி) பொறி பறக்க வேண்டுமானால் முதுகின் விளிம்பு செங்கோணமாக இருக்க வேண்டும், உருண்டையாக இருந்தால் வழுக்கும். ஃபார்மரின் ரம்ப முதுகு அந்த வேலையை அருமையாகச் செய்கிறது, கத்தியின் கூரைத் தொடவே வேண்டாம்.

ஃபார்மரில் பூட்டு கிடையாது. அலகை நிறுத்தி வைப்பது வில் (ஸ்பிரிங்) மட்டும்தான். இது ஆபத்து என்று பலர் ஒதுக்குகிறார்கள். சீவும்போதும் அறுக்கும்போதும் விசை கூர்ப்பக்கத்திலிருந்து வருகிறது, அது அலகை இன்னும் திறக்கத்தான் பார்க்கும். முனையால் குத்தும்போதும் துளைக்கும்போதும்தான் மடங்கி விரலில் விழும். துளைக்கத் தமரூசி இருக்கிறதே! அலகின் முனையால் துளைப்பதில்லை என்ற ஒரே பழக்கம் கைக்கு வந்துவிட்டால் பூட்டு இல்லாதது குறையாகத் தெரியாது.

ஓபினெல் வேறு ரகம். பிரான்சின் சவோய் பகுதியில் ஜோசப் ஓபினெல் 1890 வாக்கில் செய்த வடிவம் இன்றும் கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது. பூட்டு வளையம் மட்டும் 1955-இல் சேர்ந்தது. ஒரு அலகு, ஒரு மரப்பிடி, ஒரு ஆணி, வளையங்கள். அவ்வளவுதான். எட்டரை சென்டிமீட்டர் அலகு, ஐம்பது கிராம்கூட எடையில்லை. சமையல் வேலையில் இதற்கு நிகர் மற்ற இரண்டும் இல்லை. உருண்ட மரப்பிடி ஒரு மணி நேரம் செதுக்கினாலும் உள்ளங்கையில் அழுத்தாது. ஃபார்மரின் தட்டையான அலுமினியப் பிடியில் அந்தச் சுகம் இல்லை, குளிர் நாட்களில் விரலும் விறைக்கும்.

ஆனால் ஓபினெலின் மரம் நனைந்தால் உப்பும். உப்பினால் அலகைப் பிடித்துக்கொண்டு விடாது. நகத்தால் இழுத்து நகத்தை உடைத்துக்கொள்ள வேண்டாம்: வளையத்தைத் திறந்து வைத்து, பிடியின் அடிப்பக்கத்தை ஒரு கட்டையில் தட்டினால் அலகு எட்டிப் பார்க்கும், பிறகு எடுத்துவிடலாம். நிரந்தரத் தீர்வு எண்ணெய்தான். ஆணிப் பக்கத்தைக் கீழே வைத்து, ஆளி விதை எண்ணெயில் ஓர் இரவு நிற்க வைத்து, துடைத்துச் சில நாட்கள் காயவிட்டேன். அதற்குப் பிறகு ஈரத்தில் கொஞ்சம் இறுகுமே தவிர அடியோடு சிக்கியதில்லை. துடைத்த எண்ணெய்த் துணியைச் சுருட்டி எறியாதீர்கள், ஆளி எண்ணெய் காயும்போது சூடேறித் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயவிட்டு அப்புறம் போடுங்கள்.

கார்பன் அலகுக்குப் புளிப்பான பழம் பட்டால் சாம்பலும் நீலமுமாகக் கறை ஏறும். அது துரு இல்லை, துருவைக் கொஞ்சம் தடுக்கவே செய்யும். சிவப்பாகப் பொடி உதிர்ந்தால்தான் துரு. ஈரத்தோடு மடக்காமல் வேட்டியிலோ பேண்ட்டிலோ ஒரு துடை துடைத்துவிட்டால் போதும். உப்புக்காற்று அடிக்கும் கடலோரத்துக்குப் போவதாக இருந்தால் ஸ்டெயின்லெஸ் அலகு உள்ள ஓபினெலையே வாங்குங்கள், இந்தக் கவலையே வேண்டாம்.

மூன்றாவது கத்தியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரு கையால் திறக்கும் வசதி நிஜமான வசதி. மறு கையில் கயிறு இழுத்துப் பிடித்திருக்கும்போது அருமை தெரியும். பாக்கெட்டில் மாட்டும் கிளிப்பும் நன்று. மற்றபடி, எடை பாக்கெட்டை இழுக்கிறது, எடை காரணமாகவே வீட்டில் வைத்துவிட்டுப் போகத் தோன்றுகிறது. ஆற்று மணலில் ஒரு முறை விழுந்த பிறகு, பூட்டுத் தகடு அலகின் அடியில் முழுதாக வந்து உட்காராமல் ஓரத்தில் நின்றது. பார்வைக்குப் பூட்டியது போலத்தான் இருந்தது! முதுகை லேசாக அழுத்திப் பார்த்தபோதுதான் மடங்கியது. இந்த வகைக் கத்தி வைத்திருப்பவர்கள் மணல், சேறு பட்டால் தண்ணீரில் அலசி, தகடு எதுவரை வருகிறது என்று கண்ணால் பார்த்த பிறகே வேலையைத் தொடர வேண்டும்.

அதன் எஃகு டி2 என்ற கடினமான வகை. ஏறக்குறைய 1.5 சதவீதம் கார்பன், 12 சதவீதம் குரோமியம். கூர் நெடுநாள் நிற்கும், மறுக்கவில்லை. போய்விட்டால் காட்டில் உட்கார்ந்து திரும்பக் கொண்டுவருவது பெரும்பாடு. விக்டோரினாக்ஸ் எஃகின் கடினம் ராக்வெல் அளவில் சுமார் 56தான், சீக்கிரம் மழுங்கும் என்று குறை சொல்வார்கள். மழுங்கும்தான். ஆனால் ஒரு சின்னப் பாக்கெட் சாணைக்கல்லில் பக்கத்துக்குப் பத்துத் தடவை இழுத்தால் திரும்பி வந்துவிடும். கல் இல்லையென்றால் பீங்கான் கோப்பையின் அடியில் மெருகு பூசாத சொரசொர வளையமே போதும். பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரி சாய்வு. ஒரு பக்கம் தீட்டியதும் மறுபக்கத்தில் விரலை முதுகிலிருந்து கூர் நோக்கித் தடவினால் மெல்லிய பிசிறு தட்டுப்படும். அது நுனியிலிருந்து அடி வரை தட்டுப்பட்டால்தான் அடுத்த பக்கத்துக்குப் போக வேண்டும். பெரும்பாலானவர்களின் கத்தி கூர் ஏறாததற்குக் காரணம், பிசிறு வரும் முன்பே பக்கம் மாற்றுவதுதான்.

இப்போது ஃபார்மர் தினமும் பாக்கெட்டில். இரவு தங்கல் என்றால் சமையல் பையில் ஓபினெலும் சேரும். குளிர் கடுமையான, விறகு பிளந்தே ஆக வேண்டிய இடங்களுக்கு மடக்குக்கத்தியை நம்பாமல் மோரா கம்பேனியன் போன்ற மடங்காத உறைக்கத்தி ஒன்றையும் எடுத்துக்கொள்கிறேன். அது விலகும் ஆணி இல்லாத கத்தி, எடையும் குறைவு.

வாங்கும் முன் உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பாருங்கள். பூட்டு உள்ள கத்தியையும் ஒரு கையால் திறக்கும் கத்தியையும் பொது இடத்தில் கொண்டுபோகத் தடை செய்யும் நாடுகள் உண்டு, ஃபார்மர் போன்ற பூட்டில்லாக் கத்திக்கு அங்கே பெரும்பாலும் சிக்கல் குறைவு. விமானத்தில் எதுவானாலும் கைப்பையில் வைக்காமல் செக்-இன் பெட்டியில் போட்டுவிடுங்கள். இடது கைக்காரர்கள் லைனர் லாக்கை வாங்கும் முன் கடையில் கையில் எடுத்து மூடிப் பார்க்க வேண்டும். அந்தத் தகடு பெரும்பாலும் வலது கைக் கட்டைவிரலுக்காகவே வைக்கப்பட்டிருக்கும். ஓபினெலின் வளையத்தை எந்தக் கையாலும் திருப்பலாம்.